ஆமையோட்டுக்குக் காவல் நின்ற ஐந்து மாதம்

கண்காட்சி மண்டபத்தில் காவல் நிற்பவரிடம் ஒரு நாளைக்கு நூறு பேர் கேள்வி கேட்பார்கள். அதில் எண்பது பேருக்குக் கழிவறை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.

நின்றுகொண்டே சம்பாதிக்கிற கடைக்காரர்களே, தாதிமாரே, வாசலில் நிற்கும் பாதுகாப்பு ஊழியர்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களும் வாசிக்கலாம். முழங்காலைப் பற்றி எழுதிய இடம் மட்டும் அவர்களுக்கு விளங்காது.

என் பெயர் வசந்தி. ஒக்லாந்து நகரில் பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் இருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்லத் தொடங்கிய பிறகு, வெளியே போனால் யாராவது முழு வசனத்தில் கதைப்பார்கள் என்ற ஆசையில்தான் வேலைக்கு விண்ணப்பித்தேன். ஒக்லாந்துத் துறைமுகப் பக்கம் ஒரு கண்காட்சி மண்டபம். சீனத்தின் மிகப் பழைய காலத்துப் பொருட்கள் ஐந்து மாதத்துக்கு வருகின்றன, காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சட்டை, கழுத்தில் பெயர் அட்டை. வருகிறவர்களைக் கண்ணாடியில் கை வைக்க விடக்கூடாது, சுவரில் சாய விடக்கூடாது. நானும் சாயக்கூடாது.

பொருட்களோடு சீனாவிலிருந்து லின் என்று ஒரு பெண் வந்திருந்தார். அவற்றின் பாதுகாப்பு முழுக்க அவர் பொறுப்பு. என் வயதுதான் இருக்கும், சிரிப்பதற்குக் கணக்குப் பார்ப்பவர். முதல் நாள் எங்களை வரிசையாக நிறுத்தி இரண்டு மணித்தியாலம் விளக்கினார். அதுவரை எனக்குச் சீனா என்றால் ஒரு நீளமான மதிலும் பட்டுத்துணியும்தான். அன்று பின்னேரம் லின் சொன்னதையெல்லாம் யோசித்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததில் எங்கள் நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். கீழே வருகிறவர்களில் பலர் ஆங்கிலத்தில் கதைத்தவர்கள். அவர்கள் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

பல்வலி

என்னை முதலில் நிறுத்தியது எலும்பு அறையில். மாட்டின் தோள்பட்டை எலும்புகளும் ஆமையின் வயிற்றோடுகளும், எல்லாம் மூவாயிரம் வருசத்துக்கு மேல் பழையவை. அரசனுக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் எலும்பின் பின்பக்கம் சின்னக் குழி குடைந்து, நெருப்பில் காய்ச்சிய கோலை அதில் வைப்பார்களாம். முன்பக்கம் வெடிப்பு விழும். வெடிப்பு போன போக்கைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். கேட்ட கேள்வியைப் பக்கத்திலேயே எழுத்தாகச் செதுக்கிவிடுவார்கள். இன்றைக்குச் சீனர்கள் எழுதும் எழுத்து அங்கேயிருந்து வளர்ந்து வந்ததுதான். மழை வருமா, படையெடுக்கலாமா என்று பெரிய கேள்விகள் இருக்கின்றன. அரசனுக்குப் பல் வலிக்கிறது, இறந்துபோன முன்னோரில் யாருடைய கோபம் இது என்றும் கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பல்வலி எலும்புக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் வெகுநேரம் நின்றார். உயரமான ஆள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விளக்க அட்டையை இரண்டு தரம் வாசித்தார். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். தான் முப்பது வருசமாகப் பல் வைத்தியர் என்றார். பிறகு எலும்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"இவர் பரவாயில்லை, முதலிலேயே செத்துப்போன பாட்டனைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். என்னிடம் வருகிறவர்கள் பெண்சாதி வாங்கிக் கொடுத்த பிரஷிலிருந்து தொடங்குவார்கள்."

அரசியின் பிரசவம்

அதே அறையில் இன்னோர் எலும்பு. ஓர் அரசி பிள்ளை பெறப் போகிறாள், நல்லபடியாக நடக்குமா என்று கேட்கிறார்கள். எந்த நாளில் பிறந்தால் நல்லது என்று அரசன் சொல்கிறான். பிறகு நடந்ததும் கீழே செதுக்கியிருக்கிறது. வேறொரு நாளில் பிறந்தது, நல்லதாக அமையவில்லை, பெண்பிள்ளை.

ஒரு சனிக்கிழமை கிளென்ஃபீல்டிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியார் பேறுகாலத்துக்குத் துணையாகத் திருச்சியிலிருந்து விசாவில் வந்தவர். மருமகளுக்கு ஏழு மாதம். என் பெயர் அட்டையைப் பார்த்ததும் மாமியாரின் முகம் விரிந்தது. "தமிழாம்மா நீங்க? நல்லதாப் போச்சு. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று நேரே அந்த எலும்பைக் காட்டினார். மருமகள் எனக்கு அருகில் வந்து ஆங்கிலத்தில் மெல்ல, "அதை வாசிக்காதீங்க, ப்ளீஸ். எனக்குப் பெண்பிள்ளை. ஸ்கேனில் சொல்லிட்டாங்க. அத்தைக்கு இன்னும் சொல்லல" என்றாள். அவளுடைய கை வயிற்றின் மேல் இருந்தது.

எழுதியதை மாற்றி வாசிக்க எனக்கு உரிமையில்லை. வாசிக்காமல் நழுவவும் வழியில்லை, மாமியார் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழுவதையும் வாசித்தேன். நல்லதாக அமையவில்லை என்கிற இடத்திலும் குரலைக் குறைக்கவில்லை. "அம்மா, கதை இன்னும் முடியேல்லை, ஒருக்கா இங்காலை வாங்கோ" என்று இருவரையும் அடுத்த பெட்டிக்குக் கூட்டிப் போனேன். அங்கே அந்தக் காலத்து வெண்கலக் கோடரி ஒன்று, ஒரு கையால் தூக்க ஏலாத பாரம். அதே அரசி ஆயிரக்கணக்கான வீரர்களை வைத்துப் படை நடத்தினாள் என்பதையும் இதே மாதிரி எலும்புகள்தான் சொல்கின்றன. அவளுடைய கல்லறையிலும் இப்படியான பெரிய கோடரிகள் இருந்தன. இதைச் சொல்லி முடிப்பதற்குள் மருமகள், "அத்தை, நமக்கும் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள். மாமியார் கோடரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மருமகளின் தோளில் கைபோட்டுச் சொன்னார்:

"எழுதுறவன் எழுதிட்டுப் போறான். கோடரி யார் கையில இருந்துச்சுன்னு பாரு."

மூன்று கால் பாத்திரம்

மூன்றாவது வாரம் என்னை வெண்கல அறைக்கு மாற்றினார்கள். நடுவில் மூன்று கால் வைத்த பெரிய பாத்திரம். முன்னோருக்குப் படைக்கும் இறைச்சியை அதில் சமைப்பார்களாம். செத்தவர்கள் பசியோடு இருக்கக்கூடாது, அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் உயிரோடு இருப்பவர்கள் சாப்பிட வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. எங்கள் வீட்டிலும் அமாவாசைக்கு அதுதானே நடக்கிறது என்று நினைத்தபோது, மண்டபத்தில் இருந்த பொருட்களிலேயே எனக்கு அந்தப் பாத்திரம்தான் நெருக்கமாகிப் போனது.

ஒரு புதன்கிழமை எழுபது வயது தாண்டிய சீனர் ஒருவர் வந்தார். மண் வேலை செய்து தடித்த கைகள். பாத்திரத்தின் முன்னால் நின்று சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றை எடுத்தார், தரையில் வைத்தார், மூன்று தரம் குனிந்து கும்பிட்டார். மண்டபத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் வரக்கூடாது. பூச்சி வரும், பூச்சி வந்தால் மரமும் மூங்கிலும் போய்விடும். இதைத்தான் லின் முதல் நாள் எல்லாவற்றிலும் கடுமையாகச் சொன்னார். பழத்தை எடுக்க வேண்டியது நான். கும்பிட்டு முடியுமுன் அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் முனி வந்தார். முனி பிஜியில் பிறந்தவர். அவருடைய முப்பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து போனவர், முனிக்கு மிஞ்சியிருக்கும் தமிழ் 'வாங்க, சாப்பிடுங்க' இரண்டும்தான். அவரும் பழத்தைப் பார்த்தார், மனிதரைப் பார்த்தார், "அவர் முடிக்கட்டும்" என்றார்.

முடித்ததும் விசயத்தைச் சொன்னேன். பெரியவர் கோபிக்கவில்லை. தன் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்த நாட்டில் மரக்கறித் தோட்டம் செய்கிறது, தனக்குச் சீனம் வாசிக்கத் தெரியாது, இந்தப் பாத்திரம் எதற்கென்று பார்த்ததும் விளங்கியது, அவ்வளவுதான் என்றார். பழத்தைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எனக்கும் முனிக்கும் இடைவேளை நேரம் அது. வாசல் படியில் உட்கார்ந்து பழத்தை உரித்து மூன்று பங்காக்கினார், ஒன்று தனக்கு, மற்ற இரண்டும் எனக்கும் முனிக்கும். படைத்ததை எங்களுக்கு ஏன் என்று கேட்டேன்.

"அவர்கள் வாசனையை எடுத்தாச்சு. பழம் சாப்பிட ஆள் வேணும்தானே."

சாய்கிற பாத்திரம்

தொட அனுமதித்த சாமான் ஒன்றே ஒன்று இருந்தது, பழையதைப் பார்த்துச் செய்த புதுப் பாத்திரம், இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும். வெறுமையாக இருந்தால் சாய்ந்து நிற்கும். பாதிக்குத் தண்ணீர் ஊற்றினால் நிமிரும். நிரப்பினால் கவிழ்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும். பழைய அரசர்கள் இதைப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம், அளவு மறக்காமல் இருக்க. ஒரு மலேசியத் தமிழர், வீடு கட்டும் தொழில், மனைவியோடு வந்தார். மனைவி பாதிக்கு ஊற்றினார், நிமிர்ந்தது, நிறுத்திவிட்டார். கணவர் கொஞ்சம் கூட ஊற்றினார். இன்னும் கொஞ்சம். காற்சட்டை முழங்கால் வரை நனைந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார், மறுபடி நனைந்தது. மூன்றாம் தரம் நான் வாளியையும் தரை துடைக்கும் துணியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். இதற்கிடையில் அவருடைய கைப்பேசி நான்கு தரம் அடித்தது, ஞாயிற்றுக்கிழமையிலும் வேலைத்தளத்திலிருந்து அழைப்பு. மனைவி அமைதியாகச் சொன்னார்:

"பத்து வருசமா நான் சொல்றேன் போதும்னு. நீங்க பாத்திரம் வந்து சொன்னாத்தான் கேப்பீங்களா?"

மணியின் உட்புறம்

வெண்கல மணிகள் ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கின. வட்டமான மணியல்ல, இரண்டு பக்கமும் நெரித்துவிட்டது போலத் தட்டையாக இருக்கும். நடுவில் தட்டினால் ஒரு சுரம், பக்கத்தில் தட்டினால் இன்னொரு சுரம். ஒரே மணியில் இரண்டு. இசை சரியாக இல்லாத நாட்டில் ஆட்சியும் சரியாக இருக்காது என்று நம்பிய ஆட்கள் அவர்கள், அதனால் இந்த வேலையில் விளையாட்டே இல்லை. பழைய மணிகளைத் தட்ட முடியாது. அவற்றில் ஒன்றை அச்சாகக் கொண்டு, கீறல் உட்பட அப்படியே வார்த்த ஒரு புது மணியை லின் கொண்டு வந்திருந்தார். ஞாயிறு தோறும் அதைத் தட்டிக் காட்டுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

ஒரு ஞாயிறு கண் தெரியாத பெண் ஒருவர் வெள்ளைக் கோலோடு வந்து முன் வரிசையில் நின்றார். லின் இரண்டு சுரத்தையும் தட்டிக் காட்டி முடித்ததும், "நான் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவள். அதன் உட்பக்கத்தை ஒரு தரம் தொடலாமா?" என்று அந்தப் பெண் கேட்டார். லின் முடியாது என்று சொல்வார் என்றுதான் நான் அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தும் வசனத்தை யோசித்து வைத்திருந்தேன். ஆனால் லின் அந்தப் பெண்ணின் கையைத் தன் கையால் பிடித்து மணியின் வாய்க்குள் கொண்டு போனார்.

விரல்கள் விளிம்பின் உட்பக்கம் மெல்ல நகர்ந்தன, ஓரிடத்தில் நின்றன. "இங்கே சுரண்டியிருக்கு" என்றார். ஓம், பழைய மணியிலும் அதே இடத்தில் அப்படித்தான் இருக்கிறது, சுரம் சரியாகும் வரை உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பார்கள் என்றார் லின். அந்தப் பெண் அந்த இடத்தை இன்னொரு தரம் தடவினார். அவர் குரல் தணிந்திருந்தது:

"இந்த இடத்தில் நிறுத்தணும் என்று சுரண்டினவருக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கள் தொழிலில் அதுதான் கஷ்டம்."

பெயர் இல்லாதவர்கள்

கடைசி அறையில் கல்லறைப் பொம்மைகள். மண்ணிலும் மரத்திலும் செய்த ஆட்கள்: சமையல்காரர், பாட்டுக்காரர், குதிரைக்காரர். முந்திய காலத்தில் அரசன் செத்தால் அவனோடு உயிருள்ள மனிதர்களையே கொன்று புதைத்தார்கள். பிந்திய காலத்தில் அந்த வழக்கம் மெல்ல மெல்லக் குறைந்து, அவர்களின் இடத்துக்கு இந்தப் பொம்மைகள் வந்தன. லின் இதை எங்களுக்குச் சொன்னபோது எதையும் மறைக்கவில்லை, எதற்கும் சாக்குச் சொல்லவுமில்லை.

முனிக்கு அந்த அறை பிடிக்காது. ஆனால் காலையில் மண்டபம் திறக்குமுன் தவறாமல் அங்கே போவார், ஒவ்வொரு பொம்மைக்கும் முன்னால் ஒரு கணம் நிற்பார். முதலில் தூசி பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டேன். விளக்க அட்டையைக் காட்டினார். உருவம் ஒன்று, உருவம் இரண்டு என்று எண்கள்தான் இருந்தன. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய தன் முப்பாட்டனின் சீட்டு வீட்டில் இருக்கிறதாம். அதில் பெயர் தப்பும் தவறுமாக எழுதியிருக்கும், எண் மட்டும் தெளிவாக இருக்கும் என்றார். ஊரில் போர் நடந்த காலத்தில் அகதி முகாமில் எனக்கும் ஓர் எண் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அன்று முனியிடம் சொன்னேன்.

இரண்டு பேரும் அந்தச் சமையல்காரப் பொம்மைக்கு முன்னால் நின்றோம். வட்ட முகம், கைகளில் ஏதோ பிசைகிற பாவனை, சிரிப்பு வரப்போவது போல வாய். இதைச் செய்தவர் ஒரு நிசமான ஆளைப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும். அந்த ஆள் குழிக்குள் போகாமல் வீட்டுக்குப் போய்த் தன் அடுப்பை மூட்டியிருப்பார் என்று நினைத்தபோது நெஞ்சு இளகிப் போனது. கதவு திறக்க ஐந்து நிமிடம் இருந்தது. முனி சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"ராஜாக்கள் பேரெல்லாம் எனக்கு வேண்டாம். ஆளை விடுங்கள், மண்ணில் செய்து வைப்போம் என்று முதல் தரம் சொன்ன மனுசன் பேர் தெரிஞ்சாப் போதும்."

பெட்டி கட்டிய வாரம்

ஐந்து மாதம் முடிந்தது. என் ஒப்பந்தமும் அந்த வாரத்தோடு முடிகிறது, அதற்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு மோர்ட்கேஜ் கடன் கட்ட வேண்டும், அதைவிட, திரும்பவும் பேச்சில்லாத வீட்டுக்குள் இருக்கப் போகிறேன் என்ற நினைப்புத்தான் என்னை அழுத்தியது. லின் பெட்டிகளைக் கட்டும்போது கூட நின்றேன். வெள்ளைக் கையுறை போட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி, மெத்தென்ற தாளில் கிடத்தி, தொட்டில் பிள்ளைக்குப் போல விளிம்பு சரிசெய்தார்.

ஓர் ஆமையோட்டை வைக்கும் முன் எனக்குக் காட்டினார். அதன் ஒரு மூலையில் எழுத்துகள் சிறியதாக, நெருக்கமாக இருந்தன. பல நாள் கழித்து, நடந்தது தெரிந்த பிறகு, அதே ஆமையோட்டை எடுத்து வந்து செதுக்கிய வரி என்றார். இத்தனை வேலையும் எதற்கு, பதில்தான் வெடிப்பிலேயே கிடைத்துவிட்டதே என்றேன். லின் அன்று சிரித்தார். ஐந்து மாதத்தில் நான் பார்த்த மூன்றாவது சிரிப்பு. அடுத்த திங்கட்கிழமை முனி தொலைபேசியில் கூப்பிட்டு, அதே மண்டபத்தில் பசிபிக் தீவுகளின் பாய்களுக்குக் காவல் நிற்க வரச் சொன்னார், இப்போது அங்கேதான் நிற்கிறேன். ஆனால் பெட்டி கட்டிய வெள்ளிக்கிழமை அது எனக்குத் தெரியாது. பெட்டியின் மூடியை இறுக்கியபடி லின் சொன்னதைத்தான் வீடு வரைக்கும் கொண்டு போனேன், அன்றைக்கே எழுதவும் தொடங்கினேன்:

"கேட்க எல்லாரும் வருவார்கள், வசந்தி. நடந்ததை எழுதத் திரும்பி வருகிற ஆளைத்தான் எனக்குப் பிடிக்கும்."

மூவாயிரம் வருசத்துச் சாமான்களுக்கு ஐந்து மாதம் காவல் நின்றதில் அவற்றில் ஒரு கீறலும் விழவில்லை, தேய்ந்தது என் முழங்கால் மட்டும்தான், அதைக் கொடுத்து இத்தனை பேரைச் சந்தித்தது எனக்கு நல்ல வியாபாரம்.